கருப்பு மேல் ஒரு வழக்கு

2024-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி மதுரையில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். பத்து நாட்கள் கழித்து இராமநாதபுரத்தில், அரண்மனைவாசலுக்குப் பக்கத்து மாடி ஒன்றில், அவருக்காக ஒரு சிறு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. முப்பது பேர் இருந்திருப்போம். வெளியே நல்ல மழை.

எனக்கு முன்னால் பேசியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நிறையப் படித்தவர். அவரிடம் புத்தகம் இரவல் வாங்கித்தான் நான் புதுமைப்பித்தனையே படித்தேன். ஆகையால் இந்தக் கட்டுரையில் அவரோடு சண்டை போடும்போதும் எழுந்து நின்றுதான் போடுகிறேன்.

"இறந்தவரைக் குறை சொல்வது பண்பாடு அல்ல, ஆனாலும்..." என்று அவர் ஆரம்பித்தார். அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் 'ஆனாலும்' போட்டால் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. அவர் சொன்னதன் சாரம் இது: 'மர்மதேசம்' என்ற பெயரில் டெலிவிஷனில் வந்த கதைகள், அவற்றிலும் முக்கியமாக 'விடாது கருப்பு', அரை நூற்றாண்டுப் பகுத்தறிவுப் பிரசாரத்தை வாரா வாரம் அரை மணி நேரத்தில் தின்று தீர்த்துவிட்டன, அரிவாளும் குதிரையுமாக ஒரு சாமி வந்து குற்றவாளிகளை வெட்டிப் போடும் என்று பச்சைப் பிள்ளைகளை நம்ப வைத்தார்கள், எழுதியவருக்குத் திறமை இருந்தது, அந்தத் திறமை தப்பான வேலைக்குப் போயிற்று.

அவருக்குப் பிறகு எழுந்த ஒரு வாலிபர் இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டார். மர்மக் கதை கரும்பைப் போலவாம். ஒரு முறை கடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டால் பிறகு சக்கைதானாம். கொலைகாரன் யாரென்று தெரிந்த கதையை மறுபடி பார்ப்பவனுக்குப் பொழுது போகவில்லை என்று அர்த்தமாம்.

நான் எழுந்தேன். இரங்கல் தெரிவித்தேன். உட்கார்ந்துவிட்டேன். மேடையில் வர வேண்டிய பதில், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகுதான் எனக்கு வரும். நான் எழுத்தாளனாகப் போனதற்கே அதுதான் காரணமோ என்னவோ!

பதில் சொல்வதற்கு முன் சாட்சியத்தைப் பார்த்துவிட வேண்டாமா? அந்த மார்கழி முழுவதும், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, யூடியூபில் கிடைக்கும் 'விடாது கருப்பு'வை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி பார்த்தேன். கூட ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் முறை பார்த்தது 1997-லும் 98-லும். எங்கள் ஊர் உச்சிப்புளிக்குப் பக்கம். இந்தக் கடற்கரையில் டெலிவிஷன் வந்த கதையே ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தூர்தர்ஷன் தெரிவதற்கு முன்பே எங்கள் வீடுகளில் ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பி வைத்து இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்களம் புரியாது, படம் புரியும். தூர்தர்ஷன் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பி எங்கள் கவனத்தைத் தன் பக்கம் திருப்புவதற்குள் கேபிள் வந்துவிட்டது. 1993-ல் ஆரம்பமான சன் டி.வி. அதில் ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. கேபிள் இருந்தது ஊரில் நாலைந்து வீடுகளில்தான். பெரியம்மா வீடு அவற்றில் ஒன்று. 'விடாது கருப்பு' போடும் இரவில் அந்தத் திண்ணையும் முற்றமும் கொள்ளாது.

பார்ப்பது பெரிய காரியமில்லை. பார்த்துவிட்டு வீடு திரும்புவதுதான் காரியம். பெரியம்மா வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பாதையில் முப்பது நாற்பது பனைகள். காய்ந்த ஓலை காற்றில் மட்டையோடு மோதினால் டக்... டக்... என்று ஒரு சத்தம் வரும். குதிரைக் குளம்படிக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற வயது அல்ல எனக்கு. பாதையின் நடுவில் கண்மாய்க்கரைக் கருப்பசாமியின் மண் குதிரைகள் வேறு, கண்ணை உருட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். அந்தக் குதிரைகளை நாங்கள் ஒருவரும் தனியாகத் தாண்டியதில்லை. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில்பெட்டிகள் மாதிரி ஓடுவோம். அந்த ரயிலுக்கு இன்ஜின் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன். எங்களை வீடு சேர்த்துவிட்டு அதே பாதையில் தனியாகத் திரும்பிப் போவான். அவன் ஒருவன்தான் பயப்படாதவன்.

ஆக, எதிர்க்கட்சியின் முதல் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. பயந்தோம். நன்றாகவே பயந்தோம். கேள்வி அதுவல்ல. பயந்து முடித்த பிறகு எங்கள் கையில் என்ன மிஞ்சியது என்பதுதான் கேள்வி.

கதையை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' என்ற நாவலை வைத்து எடுத்தது அது. இயக்கியவர் நாகா, தயாரித்தது கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். தோட்டக்காரமங்கலம் என்ற கிராமத்தில் தப்புச் செய்பவர்களைக் கருப்பு தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. தண்டனைகள் உண்மையாகவே நடக்கின்றன. கதை இரண்டு காலங்களில் மாறி மாறி ஓடுகிறது: ராசு என்ற சிறுவனின் காலம் ஒன்று, ராஜேந்திரன் என்ற வாலிபனின் காலம் ஒன்று. சிறுவன்தான் வாலிபன் என்பதும், அந்த வாலிபனின் மனம் இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதும், குதிரையில் வந்தது யார் என்பதும் கடைசியில் தெரிய வருகின்றன. ரகசியத்தை உடைத்துவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது 1998-லேயே உடைந்துவிட்டது. உடைந்த பிறகு பார்ப்பதைப் பற்றித்தான் நான் பேசவே வந்திருக்கிறேன்.

வாலிபரின் கரும்பு உவமையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது சின்ன வேலை. கூத்து பார்க்கப் போகிற எவனுக்குத் துரௌபதையின் துகில் உரியப்படும் என்பது தெரியாது? தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். என்ன நடக்கும் என்பது தெரியாதபோது நம் கண் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, யார் வருவார் என்று. தெரிந்த பிறகுதான் அறைக்குள் இருக்கிற மனிதர்களைப் பார்க்க முடிகிறது. 1997-ல் நான் 'விடாது கருப்பு'வில் பார்த்தது ஒரே ஒரு பாத்திரத்தை: குதிரையை. இப்போது பார்த்தபோது குதிரை எனக்கு எதிரிலேயே ஓடுகிறது, நான் அதைப் பார்க்கவில்லை.

ராசுவைப் பார்த்தேன். முதல் முறை அந்தச் சிறுவனின் காட்சிகள் வந்தாலே எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். பழைய கதை எதற்கு, கருப்பைக் காட்டு என்று கத்துவோம். இப்போது பார்க்கிறேன்: கதையே அந்தப் பிள்ளைதான்! பெரியவர்கள் செய்கிற அநியாயங்களைக் கண்ணால் பார்க்கிறான். பார்த்ததை யாரிடமும் சொல்ல வழியில்லை. அவனைக் கேட்பார் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு சாமி இருக்கிறது என்று ஊரே அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. வேறு நீதி இல்லாத இடத்தில் அந்த ஒரே நீதியைப் பிள்ளை நெஞ்சுக்குள் வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்டது உள்ளே தங்கிவிட்டது. அவ்வளவுதான் மர்மம்.

சேத்தன் செய்த ராஜேந்திரன் இன்னொரு ஆச்சரியம். முதல் முறை அவரை நாங்கள் சந்தேகிக்கவே இல்லை, அத்தனை சாது. இரண்டாம் முறை, இவன்தான் என்று தெரிந்து பார்க்கும்போது, அந்தச் சாதுத்தனமே வயிற்றைப் பிசைகிறது. அவன் நடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. அவனுக்கே தெரியாது. எல்லோரோடும் சேர்ந்து அவனும் கருப்பைக் கண்டு திகைக்கிறான். தன் குற்றத்தைத் தானே தேடிக்கொண்டிருக்கிற மனிதனை விடப் பரிதாபமான பாத்திரம் வேறு உண்டா? முதல் பார்வையில் இந்தப் பரிதாபம் கிடைக்கவே கிடைக்காது. ரகசியம் தெரிந்தவனுக்கு மட்டுமே அது வைத்திருக்கிறது. தேவதர்ஷினியின் ரத்னாவும் அப்படியே. அன்று நாங்கள் அவரைப் பயந்து அலறுகிற கதாநாயகி என்று ஒதுக்கினோம். நேசிக்கிற மனிதனுக்குள் தனக்குத் தெரியாத ஒருவன் இருக்கிறான் என்பதை ஒரு பெண் அங்குலம் அங்குலமாக உணர்வதை அன்று எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை.

பேச்சிக் கிழவியிடம் சற்று நேரம் நிற்க வேண்டும். செய்தவர் சி. கே. சரஸ்வதி, 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மோகனாவின் தாயார் வடிவாம்பாளாக வந்தவர். பேச்சி காசாசை பிடித்தவள், நாக்கில் விஷம் வைத்தவள். அவள் திரையில் வந்தால் பெரியம்மா வீட்டு முற்றத்தில் பெண்கள் நெட்டி முறித்துச் சபிப்பார்கள். இப்போது எனக்கு அவளை அப்படிச் சபிக்க முடியவில்லை. எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. மூன்று வருஷம் மழை இல்லாவிட்டால் முதலில் சோறு குறைவது கிழவிகளின் தட்டில்தான். டிரங்குப் பெட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, பெற்ற மகனையும் நம்பாமல் படுத்த கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சாவி போய்விட்டால் தன்னை ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கொடுமைக்காரிதான், நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் பேச்சியை அரக்கியாகச் செய்யவில்லை, பயந்துபோன ஒரு மனுஷியாகச் செய்திருக்கிறார் என்பதைப் பார்க்க எனக்கு இருபத்தேழு வருஷம் பிடித்தது.

இனி என் ஆசிரியரிடம் வருகிறேன்.

ஐயா, தாங்கள் எனக்குப் புதுமைப்பித்தன் கதைகளைக் கொடுத்தபோது 'காஞ்சனை'யை இரண்டு முறை படி என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அந்தக் கதையில் வருவது பேயா, பிரமையா என்று புதுமைப்பித்தன் கடைசிவரை சொல்லவில்லை. அதுதான் கலை என்றீர்கள். நானும் ஒப்புக்கொண்டேன், இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காஞ்சனை வந்தால் கலை, கருப்பு வந்தால் மூடநம்பிக்கை என்பது என்ன நியாயம்? இத்தனைக்கும் இவர் புதுமைப்பித்தனை விட உங்கள் கட்சிக்கு அதிகமாக விட்டுக்கொடுத்திருக்கிறார். கொலைகளுக்குக் காரணம் சாமி அல்ல, நோயுற்ற ஒரு மனம் என்று கதையே வாய் விட்டுச் சொல்கிறது. டெலிவிஷனில் வந்தது, மாத நாவலாக எழுதுகிறவர் எழுதியது, பஸ் ஸ்டாண்டில் விற்கிற பெயர் என்பதைத் தவிர வேறு என்ன குற்றம்? தரம் பார்த்துச் சொல்லுங்கள், தலைவணங்குகிறேன். கடை பார்த்துச் சொன்னால் நான் வணங்க முடியாது. நானும் அதே கடையில் சரக்குப் போட்டுப் பிழைக்கிறவன்தான். இதில் என் சொந்த ரோஷமும் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை.

மூடநம்பிக்கை என்கிறீர்கள். கருப்பு எங்கள் ஊருக்கு டெலிவிஷன் வழியாகவா வந்தார்? கண்மாய் வெட்டின நாளிலிருந்து கரையில் நிற்கிறார். அவர் வேலை என்ன? காவல். அதோடு நீதி. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் கதவுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்கிற வழக்கம் எத்தனை தலைமுறையாக நடந்திருக்கிறது! போலீஸ் ஸ்டேஷன் பத்து மைல், கோர்ட் இருபது மைல், வக்கீல் பீஸ் வானத்து உயரம் என்றிருந்த ஜனங்களுக்குக் கருப்புதான் முதலும் கடைசியுமான கோர்ட். அந்தக் கோர்ட்டைப் பரிகசிப்பது சுலபம். அதற்குப் பதில் எந்தக் கோர்ட்டை அவர்கள் வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தோம் என்று கேட்டால் பரிகசிப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்தக் கேள்வியைத்தான் தொடர் கேட்கிறது. நீதி கிடைக்காத ஊரில் சாமி ஏன் பிறக்கிறது, அந்தச் சாமி ஒரு பிள்ளையின் தலைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறது. இதைக் கேட்பது மூடநம்பிக்கையா?

'மர்மதேச'த்தின் முதல் கதையான 'ரகசியம்' பற்றியும் இதே ஆட்சேபம் உண்டு. நவபாஷாண லிங்கம், சித்தர், இரவில் கோயிலில் தங்கினால் சாவு என்று அதில் வரும். அது இந்தக் கதையின் ஆழத்துக்கு வராது என்பது என் அபிப்பிராயம். பழனி முருகன் சிலையை ஒன்பது பாஷாணங்களால் போகர் செய்தார் என்ற ஐதிகத்தின் வழி வந்த கதை அது. எங்களூர்க்காரனுக்கு அதில் ஒரு தனிச் சிரிப்பு. நவபாஷாணம் என்றால் எங்களுக்கு தேவிபட்டினம்தான். கடலுக்குள் ஒன்பது கல், ராமர் வைத்த நவக்கிரகம் என்று சொல்லிச் சுற்றி வருகிறோம். பாஷாணம் என்றால் கல் என்றும் அர்த்தம், நஞ்சு என்றும் அர்த்தம். 'ரகசியம்' பார்த்துவிட்டு எங்கள் பக்கத்துத் தாத்தா ஒருவர் கொஞ்ச நாள் தேவிபட்டினம் கடலில் முழுகவே மறுத்துவிட்டார். இதையும் என் ஆசிரியர் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தப் பயப்படாத அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வழக்கில் எனக்குள்ள சம்பந்தம் அவனால்தான்.

2000-ஆம் வருஷம் அவனுக்கு இருபத்து நாலு வயது. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். நடுராத்திரியில் எழுந்து பனங்காட்டுக்குள் போய் அவர்களுக்குப் பதில் சொல்லுவான். ஊர் சொல்லிற்று, கருப்பு பிடித்திருக்கிறது என்று. சிலர் அந்தத் தொடரின் பெயரையே அவனுக்கு வைத்துச் சிரித்தார்கள். சாமியாடி வந்தார், அடி விழுந்தது, வேப்பிலைக்கும் சாட்டைக்கும் அசராமல் நோய் இருந்தது. ஒரு நாள் பெரியம்மா மேல் அம்மிக்குழவியை எடுத்துப் போட்டுவிட்டான். படவில்லை. அன்றைக்குப் பெரியப்பாவும் என் தகப்பனாரும் நானுமாகச் சேர்ந்து அவனை மாட்டுக் கொட்டகையில், மாட்டுச் சங்கிலியால், காலைக் கட்டினோம். சங்கிலியின் வளையத்தில் பூட்டை மாட்டியவன் நான். என்னை ரயில்பெட்டி மாதிரிப் பின்னால் கோத்துக்கொண்டு மண் குதிரைகளைத் தாண்டி அழைத்துப் போனவனை.

பதினோரு மாதம் அவன் அப்படி இருந்தான்.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் என்ன நடந்தது என்பது நாடறிந்தது. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இருபத்தெட்டு உயிர்கள். சுப்ரீம் கோர்ட் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. இப்போது 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த விதத்திலும் சங்கிலி கூடாது என்றே எழுதி வைத்திருக்கிறது.

மறுநாள் பேப்பரைப் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து படித்தார். நானும் இருந்தேன். படித்து முடித்து, பேப்பரை நாலாக மடித்துத் தூணில் செருகிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரமே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரை என்றார், நாள்பட மாத்திரை என்றார், கூடவே இருங்கள் என்றார். கருப்பைப் பற்றிப் பெரியம்மா மெதுவாகக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. "கும்புடுங்கம்மா, நல்லாக் கும்புடுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். பின்னாளில் ஏர்வாடியிலேயே சர்க்கார், துவா ஓதுகிற இடத்தில் மருந்தும் கொடுக்கிற ஏற்பாட்டை 'தவா துவா' என்று செய்தபோது எனக்கு அந்த டாக்டர் ஞாபகம்தான் வந்தது.

இதனால்தான் சொல்கிறேன்: என் ஆசிரியர் 'விடாது கருப்பு' மேல் வழக்குத் தொடுப்பதானால் வேறு ஷரத்தில் தொடுத்திருக்க வேண்டும். மனநோயாளி என்றால் கொலைகாரன் என்ற எண்ணத்துக்கு அது தீனி போட்டது. இது மெய்யான குற்றம், நான் மறைக்க மாட்டேன். ஸ்டீவன்சன் 1886-ல் ஜெகிலையும் ஹைடையும் எழுதிய காலத்திலிருந்து, 1960-ல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' வழியாக, நம்முடைய 2005-ஆம் வருஷத்து 'அந்நியன்' வரையில் எல்லோரும் செய்த குற்றம் அது. பிளந்த மனம் என்றால் ஒரு பாதி கத்தி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கதை நகராது. வாழ்க்கையில் அப்படி இல்லை. நோயாளி அடிப்பதை விட அடிபடுவதுதான் அதிகம். எங்கள் கொட்டகையே அதற்குச் சாட்சி. பிளவுண்ட ஆளுமை வேறு, மனச்சிதைவு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற பழக்கத்தையும் இந்த மாதிரிக் கதைகள் வளர்த்தன. அண்ணனுக்குள் இரண்டாவது ஆள் எவனும் இல்லை. ஒரே ஆள்தான், தூக்கமில்லாமல், காதுக்குள் ஓயாத சத்தத்தோடு.

ஆனால் இந்தக் குற்றத்தைச் சாட்டும்போதே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1993-ல் மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' வந்தது. 2005-ல் அதே கதை நமக்குச் 'சந்திரமுகி'யாக வந்தது. அங்கே நோயாளி ஒரு அற்புதமான காட்சி. அவள் ஆடுகிறாள், நாம் வியக்கிறோம், டாக்டரும் மந்திரவாதியும் கூடி ஒரு நாடகம் போட்டு நோயை ஒரே ராத்திரியில் விரட்டுகிறார்கள். வாரா வாரம் வந்த இந்த டெலிவிஷன் கதையோ அவசரப்படவில்லை. ஒரு மனம் எந்தெந்த நாளில், யார் யார் கையால் உடைந்தது என்று திரும்பிப் போய்த் தேடிற்று. சங்கிலியை மாட்டுவதற்கு முன் நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. எங்கள் முற்றத்தில் அறுபது பேர் அதைப் பார்த்தோம். பார்த்த அறுபது பேரில் ஒருவருக்கும் இரண்டு வருஷம் கழித்து அது ஞாபகம் வரவில்லை. குதிரை மட்டும் ஞாபகம் வந்தது. ஊர் ஒன்று சேர்ந்து கதையைத் தப்பாகப் படித்தது. இப்போது என் ஆசிரியரும் ஊரோடு சேர்ந்து அதையே படித்துவிட்டு, எழுதியவர் மேல் பழி போடுகிறார். பக்தரும் பகுத்தறிவாளரும் ஒரே குதிரையில் ஏறி ஒரே திக்கில் போவதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பின்னால் வந்த அமானுஷ்யத் தொடர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹிந்தியிலிருந்து 'நாகினி' வந்து தமிழ் பேசிற்று. பெண் பாம்பாகிறாள், பாம்பு பெண்ணாகிறது, நகை மட்டும் எந்த ரூபத்திலும் கழல்வதில்லை. அதில் சாமிக்கும் வேலை இல்லை, நோய்க்கும் வேலை இல்லை, கம்ப்யூட்டருக்குத்தான் வேலை. அதை இன்னும் இருபத்தேழு வருஷம் கழித்து ஒருவர் மறுபடி உட்கார்ந்து பார்த்துக் கட்டுரை எழுதுவாரானால், அவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், கை குலுக்குவேன்.

மார்கழியில் என் கூட உட்கார்ந்து பார்த்தவர் யார் என்று இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் இருக்கிறான். ராத்திரி மாத்திரை போட்டால் ஒன்பதரைக்குக் கண் சொக்கிவிடும். அதற்குள் இரண்டு பகுதி பார்த்துவிடுவோம். அவனிடம் இதைக் காட்டலாமா என்று எனக்குப் பயம் இருந்தது. பெரியம்மா கூட, "எதுக்குப்பா அதப் போய்..." என்றார். அவன்தான் கேட்டான்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. வறுத்த கடலையைத் தின்றுகொண்டு பார்த்தான். பேச்சிக் கிழவி வரும்போது மட்டும் சிரித்தான். ராசுவின் கதை முழுதும் வெளியாகிற இடத்தில் கடலையைக் கீழே வைத்தான். சற்று நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே, "இந்தப் பயல யாராச்சும் ஒரு நாளு பக்கத்துல உக்கார வச்சு, என்னடா ஆச்சுன்னு கேட்ருந்தா, குதிரையே வந்துருக்காதுடா தம்பி" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. இதற்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகும் வரவில்லை.

பூட்டு மாட்டியது நான்தான் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைப்பு. அன்றும் கேட்கவில்லை. மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. அவன் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டான். "மிச்சத்த நாளைக்குப் பாப்பம். நீ தனியாப் போயிருவியா?" என்று கேட்டான். போய்விடுவேன் என்றேன். இருந்தும் கருப்பசாமி கோயில் தாண்டும் வரையில் கூட வந்துவிட்டுத்தான் திரும்பினான்.